மாம்பழத் தோல் போட்டதும் கோபர் கேஸ் அடுப்பு அணைந்துவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

மாந்தோப்பு வீடு | ஜூன் 11, இரவு 9:20

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் 2 கன மீட்டர் தீனபந்து வகை கோபர் கேஸ் கலன் இருக்கிறது, மாமனார் கட்டியது. ஐந்து மாடுகள், தினமும் ஏறத்தாழ 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். இரண்டு வேளைச் சமையலும் அதிலேயே முடிந்துவிடும். சிலிண்டர் எங்கள் வீட்டுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை வந்துபோகும் விருந்தாளி.

போன வாரம் என் மகன் பக்கத்து மாங்கூழ் ஆலையிலிருந்து ஒரு டிராக்டர் பெங்களூரா மாம்பழத் தோலும் நாரும் இலவசமாக ஏற்றிக்கொண்டு வந்தான். சாணத்தைவிட இதில் சத்து அதிகம், கேஸ் பொங்கி வரும் என்றான். மூன்று நாளில் எழுபது கிலோவுக்கு மேல் கலவைத் தொட்டியில் கரைத்து விட்டோம். முதல் நாள் மெய்யாகவே பொங்கியது. மூன்றாம் நாள் அடுப்பைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வருகிறது, தீக்குச்சியைக் காட்டினால் பற்றுவதுபோல் பற்றி அணைந்துவிடுகிறது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. மாமியார் விறகடுப்பை மூட்டிவிட்டார். பேச்சு ஒன்றும் இல்லை, பார்வை மட்டும்தான்.

கலன் கொத்தனார் | ஜூன் 11, இரவு 10:05

குழாயில் நீர் கோத்திருக்கும், அக்கா. கலனிலிருந்து வரும் காற்றில் ஈரம் உண்டு. குழாய் தாழ்ந்து போகும் இடத்தில் நீர் வடிக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள், திறந்து வடித்துவிடுங்கள். பத்தில் ஏழு புகார் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் வெளியேற்றுத் தொட்டியின் மூடியைத் திறந்து, ஆளை இறக்கி அடியில் படிந்ததை அள்ள வேண்டியிருக்கும்.

ஊத்தங்கரை மருந்தகம் | ஜூன் 11, இரவு 10:11

கொத்தனார் தம்பி சொன்னதில் முதல் பாதியைச் செய்யுங்கள். இரண்டாம் பாதியை யாரும் செய்யாதீர்கள். கலனுக்குள் பிராணவாயு இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இருக்கும். இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து செத்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

மாந்தோப்பு வீடு | ஜூன் 12, காலை 6:40

திருகைத் திறந்தேன். அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அடுப்பு பற்றவில்லை. ஆனால் காற்று நன்றாகவே வருகிறது, அதுதான் புரியவில்லை. காற்று வந்தும் ஏன் எரியவில்லை?

நுண்ணோக்கி | ஜூன் 12, காலை 7:15

அக்கா, வணக்கம். நான் பென்னாகரத்துப் பெண், நுண்ணுயிரியலில் ஆய்வு மாணவி. நான்கு கேள்விகள். கலனிலிருந்து வெளியேறும் சாணச் சாந்தின் வாடை எப்படி இருக்கிறது? நிறம் மாறியதா? மேலே நுரை கட்டியிருக்கிறதா? பூச்சிமருந்துக் கடையிலோ பள்ளி ஆய்வகத்திலோ புளிப்பை அளக்கும் பி.எச். தாள் கிடைத்தால் அதில் தோய்த்துப் பார்க்க முடியுமா? புளிப்பு ஏற ஏற அதில் எண் குறையும்.

மாந்தோப்பு வீடு | ஜூன் 12, மாலை 5:50

வாடை புளித்த மோரும் கெட்டுப்போன வெண்ணெயும் கலந்ததுபோல் இருக்கிறது. முன்பெல்லாம் சாந்தில் நாற்றமே இருக்காது. நிறம் சற்று வெளிறியிருக்கிறது, நுரை இருக்கிறது. தாளை மகன் வாங்கி வந்தான், 5-க்கும் 6-க்கும் நடுவில் காட்டுகிறது.

நுண்ணோக்கி | ஜூன் 12, இரவு 8:30

அப்படியானால் குழாயிலும் கோளாறு இல்லை, கட்டடத்திலும் கோளாறு இல்லை. கலனுக்கு வயிறு புளித்துவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். சாணத்தை எரிவாயுவாக்குவது ஒரே நுண்ணுயிரின் வேலை அன்று. ஒரு கூட்டம் நாரையும் மாவையும் உடைத்துச் சர்க்கரையாக்கும். அடுத்த கூட்டம் சர்க்கரையை அமிலங்களாக்கும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைக்கும். கடைசியில் உட்கார்ந்திருப்பவை மீத்தேனாக்கிகள். இவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டும்வரை உலகம் இவற்றையும் பாக்டீரியா என்றே எண்ணியிருந்தது. கலனில் உண்டாகும் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அசிட்டிக் அமிலத்திலிருந்து வருகிறது, மீதி ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்ந்து வருவது.

அமிலம் உண்டாக்கும் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். மீத்தேனாக்கிகளுக்கு அதற்கு நாள் கணக்கில் ஆகும். சாணம் ஏற்கனவே மாட்டின் வயிற்றில் ஒருமுறை செரித்த பொருள், அதில் எளிதில் கரையும் சர்க்கரை மிகக் குறைவு. அதனால் இரண்டு கூட்டமும் ஒரே நடையில் நடந்துகொண்டிருந்தன. மாம்பழத் தோல் அப்படியில்லை, தேன் மாதிரி. மூன்று நாளில் எழுபது கிலோ இறங்கியதும் அமிலக் கூட்டம் பெருகி அமிலத்தைக் கொட்டியது. பி.எச். 6.5-க்குக் கீழே போனாலே மீத்தேனாக்கிகள் தளர்ந்துவிடும், அவற்றுக்கு வேண்டியது 6.8 முதல் 7.5 வரை. அமிலத்தைத் தின்ன வேண்டியவை படுத்துவிட்டதால் அமிலம் இன்னும் ஏறியது. முதல் நாள் பொங்கிய காற்று பெரும்பாலும் கரியமில வாயு. காற்று வந்தும் எரியாததற்குக் காரணம் அதுதான்.

ஊத்தங்கரை மருந்தகம் | ஜூன் 12, இரவு 9:02

இந்தப் பெண் சொல்வதைப் படிக்கும்போது எனக்குத் தை மாதம் நினைவுக்கு வருகிறது. கால்நடைத் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தேன். பொங்கல் முடிந்த மறுநாள் மருந்தகத்தின் முன் மாடுகள் வரிசையில் நிற்கும். பாசத்தில் ஒரு குண்டான் பொங்கலையும் சோற்றையும் மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். வைக்கோல் தின்று பழகிய வயிற்றில் அவ்வளவு மாவுச்சத்து ஒரே நேரத்தில் விழுந்தால் லாக்டிக் அமிலம் ஏறி, மாடு அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிடும். நாங்கள் ஆப்பசோடா கரைத்து ஊற்றுவோம். முடிந்தால் நன்றாக இருக்கும் மாட்டின் அசைபோடும் இரையை எடுத்து நோயுற்ற மாட்டுக்குப் புகட்டுவோம். நல்ல வயிற்றின் நுண்ணுயிர்கள் கெட்ட வயிற்றில் குடியேறும்.

இந்தக் கலனுக்கும் வைத்தியம் அதுவே என்று நினைக்கிறேன். சரியா, அம்மணி?

நுண்ணோக்கி | ஜூன் 12, இரவு 9:30

நூற்றுக்கு நூறு சரி, ஐயா. அக்கா, இப்படிச் செய்யுங்கள். பத்து நாள் எதுவும் போடாதீர்கள், சாணம்கூட வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பு ஒரு கைப்பிடியை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, நாளுக்கு ஒரு முறை விட்டுத் தாளில் பாருங்கள். 6.8 வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதிகமாகப் போட்டால் சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாகி அடியில் படியும். பக்கத்தில் நன்றாக எரியும் கோபர் கேஸ் வைத்திருப்பவரிடம் அவர் கலனிலிருந்து வெளியேறும் புதுச் சாந்து ஐந்தாறு பக்கெட் கேளுங்கள். வெயிலில் காய்ந்தது வேண்டாம், அதில் மீத்தேனாக்கிகள் செத்திருக்கும், காற்று பட்டாலே அவற்றுக்கு ஆகாது.

பாலக்கோட்டான் | ஜூன் 13, காலை 5:55

தக்காளிக்காரன் குறுக்கிடுகிறேன். விலை விழும் வாரங்களில் ராயக்கோட்டைச் சாலை ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் பார்த்து, அதைக் கலனில் போட்டால் கேஸ் வருமே என்று எனக்கு அறிவுரை சொல்லாதவர் இல்லை. தக்காளியில் 94 பங்கு தண்ணீர். டன் கணக்கில் சுமந்து கொட்டினாலும் உள்ளே போவது தண்ணீர்தான், இருக்கும் கரைசலும் நீர்த்துப்போகும். மாம்பழத் தோல் அதைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாங்கூழ் ஆலை ஓடுவது வைகாசியும் ஆனியும், மிஞ்சிப்போனால் ஆடி. மீதி ஒன்பது மாதம் உங்கள் நுண்ணுயிர்கள் எதைத் தின்னும்?

அரூர் வாத்தியார் | ஜூன் 13, காலை 8:10

பாலக்கோட்டான் கேட்டது நல்ல கேள்வி, புல், வைக்கோல் போன்ற நாரை எரிபொருளாக்கும் வழி தேடித்தான் உலகமெங்கும் ஆய்வகங்கள் வேலை செய்கின்றன. அமெரிக்க எரிசக்தித் துறை 1997-இல் ஒரு மரபணுத்தொகுதி நிலையம் தொடங்கியது. ஓர் உயிரின் மரபணுக்கள் மொத்தத்தையும் வாசிக்கும் இடம் அது. மனித மரபணுத்தொகுதியில் 5, 16, 19 ஆகிய குரோமோசோம்களை வாசித்தது அந்த நிலையம். அந்த வேலை முடிந்ததும் அவர்கள் எரிபொருள் பக்கம் திரும்பினார்கள். நம் சோளத்தின் மரபணுத்தொகுதி 2009-இல் வெளியானதில் அவர்கள் பங்கு பெரியது.

எனக்குப் பிடித்தது 2011-இல் வந்த மாட்டு வயிற்று ஆய்வு. வயிற்றில் திறப்பு வைத்த மாட்டின் உள்ளே, புல்லை நைலான் பையில் கட்டி 72 மணி நேரம் விட்டார்கள். எந்த நுண்ணுயிர்கள் அந்தப் புல்லில் ஒட்டிக்கொண்டனவோ அவற்றின் மரபணுக்களை மொத்தமாக வாசித்தார்கள், 26,800 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். நாரையும் சர்க்கரையையும் கையாளும் மரபணுக்கள் என 27,755 கிடைத்தன. இதற்கு முன் யாரும் ஆய்வகத்தில் வளர்த்திராத 15 நுண்ணுயிர்களின் மரபணுத்தொகுதியையும் ஒட்டுப்போட்டு எடுத்தார்கள். மண்ணிலும் வயிற்றிலும் இருக்கும் உயிர்களில் பெரும்பாலானவை தட்டில் வளர்த்தால் வளராது. வளர்க்காமலே வாசிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்த வேலையின் பெருமை.

பாலக்கோட்டான் | ஜூன் 13, காலை 8:41

27,755 மரபணு, மகிழ்ச்சி. அந்த அக்கா வீட்டில் இன்று எத்தனை தோசை வெந்தது?

நான் காட்டாமணக்கு நட்டவன், ஐயா. 2003-இல் திட்டக் குழுவின் ஒரு குழு டீசலுக்குக் காட்டாமணக்கு என்று அறிக்கை கொடுத்தது. எங்கள் பக்கமும் ஆட்கள் வந்தார்கள். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, காய்ப்பதை வாங்கிக்கொள்வோம் என்றார்கள். இரண்டரை ஏக்கரில் நட்டேன். ஆடு கடிக்கவில்லை என்பது மட்டும் உண்மை. தண்ணீர் விடாத செடி காய்க்கவில்லை, காய்த்ததை வாங்க வந்தவர்கள் வரவில்லை. வேரோடு பிடுங்கிப்போட்டுக் கேழ்வரகு விதைத்தேன். அதிலிருந்து ஆய்வகம் என்ற சொல்லைக் கேட்டாலே என் கை பையைப் பிடித்துக்கொள்கிறது.

அரூர் வாத்தியார் | ஜூன் 13, காலை 9:20

காட்டாமணக்கில் நடந்தது ஆய்வு இல்லாததால் வந்த கேடு, தம்பி. செடியைப் பயிராகப் பழக்காமலே, நல்ல ரகம் தேர்ந்தெடுக்காமலே விற்றுவிட்டார்கள். உங்கள் கோபத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அது தவறான வாசலில் நின்று கத்துகிறது.

நுண்ணோக்கி | ஜூன் 13, பகல் 1:15

பாலக்கோட்டு அண்ணனிடம் ஒரு கேள்வி. வேரழுகலுக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சைத் தூள் வாங்குகிறீர்களா?

பாலக்கோட்டான் | ஜூன் 13, பகல் 1:22

ஆமாம், தொழுவுரத்தில் கலந்து போடுவேன். அதற்கும் இதற்கும் என்ன?

நுண்ணோக்கி | ஜூன் 13, பகல் 2:10

அதன் பங்காளிதான் இன்று வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கு நொதி கொடுக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மழையில் மக்கி உதிர்ந்தன. அதற்குக் காரணமான பூஞ்சையை எடுத்துப் பாதுகாத்தார்கள். முதலில் அதையும் விரிடி என்றே எழுதி வைத்தார்கள், பிறகுதான் தனி இனமென்று தெரிந்து, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் ட்ரைக்கோடெர்மா ரீசை ஆனது. பருத்தித் துணியும் செல்லுலோஸ்தான், வைக்கோலும் செல்லுலோஸ்தான். கூடாரத்தைத் தின்ற பூஞ்சை வைக்கோலையும் சர்க்கரையாக்குகிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை 3 கோடி லிட்டர் எத்தனாலாக்கும் திட்டத்தோடு கட்டப்பட்டது.

பாலக்கோட்டான் | ஜூன் 13, பகல் 2:34

பானிபட்டில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், அங்கே அது சரி. இங்கே கேழ்வரகுத் தாளையும் சோளத்தட்டையும் எந்த ஆலைக்காரன் கேட்டாலும் என் மாடு கொடுக்காது. கோடையில் ஒரு கட்டுத் தட்டு என்ன விலை என்று தளி, அஞ்செட்டிப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

நுண்ணோக்கி | ஜூன் 13, பகல் 2:50

இதை மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் மாடு உண்டு.

திப்பி | ஜூன் 13, மாலை 6:30

இருபது ஆண்டு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவன். மரவள்ளியை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் திப்பியும், மாவு கழுவிய தண்ணீரும் ஒரு காலத்தில் ஓடையில் போய்க்கொண்டிருந்தன. நாற்றத்தில் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும். பிறகு பல ஆலைகள் அந்தக் கழிவுநீருக்குக் கலன் கட்டிக் கேஸ் எடுத்தன. நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இது: கிழங்கு வராத மாதங்களில் கலனைப் பட்டினி போடக் கூடாது, கொஞ்சமாகச் சாணக் கரைசல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி கிழங்கு வரத் தொடங்கும்போது முதல் நாளே முழுத் தண்ணீரையும் திறந்துவிடக் கூடாது. நாங்கள் ஒருமுறை திறந்துவிட்டோம். அந்தப் புளிச்ச வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மரவள்ளித் தோலில் சயனைடு வேறு உண்டு, பழக்காமல் கொடுத்தால் அதுவும் கெடுக்கும்.

வாத்தியார் ஐயா, ஒரு ஐயம். மாம்பழத்தில் சர்க்கரை இருக்கிறதென்றால் நேராக எத்தனாலே எடுக்கலாமே?

அரூர் வாத்தியார் | ஜூன் 13, மாலை 7:05

எடுக்கலாம். எடுத்தால் எரிபொருள் துறைக்கு முன் மதுவிலக்குப் பிரிவு வீட்டுக்கு வந்துவிடும்.

கேட்டதனால் சொல்கிறேன். எத்தனால் ஆக்குவதில் ஈஸ்டுக்குப் போட்டியாக ஆய்வாளர்கள் வளர்க்கும் சைமோமோனஸ் என்ற பாக்டீரியாவை மெக்சிகோவின் கற்றாழைக் கள்ளிலும் ஆப்பிரிக்கப் பனங்கள்ளிலும் கண்டார்கள். கள்ளுப்பானைக்குள் எரிபொருள் ஆய்வு முன்பே தொடங்கிவிட்டது.

தளிப் பனி | ஜூன் 14, காலை 7:45

எங்கள் பக்கம் ரோஜாப் பசுங்குடில்களின் கழிவும் குவிகிறது. அதைக் கலனில் போடலாமா?

நுண்ணோக்கி | ஜூன் 14, காலை 8:20

வேண்டாம். வாரத்துக்கு வாரம் பூஞ்சைக்கொல்லி பட்ட இலை அது. கலனுக்குள் இருப்பவை பூஞ்சை அல்ல என்றாலும், சில மருந்துகள் அவற்றையும் கெடுக்கலாம்.

கலன் கொத்தனார் | ஜூன் 14, பகல் 12:10

நானும் ஒன்று கேட்கிறேன். இருபத்தைந்து ஆண்டாகக் கலன் கட்டுகிறேன், உள்ளே இவ்வளவு பேர் இருப்பது எனக்குத் தெரியாது. அந்த மூன்றாவது கூட்டமும் கடைசிக் கூட்டமும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும்? ஒரே உயிர் இரண்டையும் செய்துவிட்டால் சண்டையே இல்லையே.

நுண்ணோக்கி | ஜூன் 14, இரவு 8:55

அண்ணா, இந்தக் கேள்வியில்தான் ஆய்வாளர்களே பல ஆண்டு ஏமாந்தார்கள். சாராயத்தை மீத்தேனாக்கும் ஒரே உயிர் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, ரஷ்ய ஆய்வாளர் ஒமெலியான்ஸ்கியின் பெயரையும் வைத்தார்கள். 1967-இல் பிரையண்டும் கூட்டாளிகளும் பிரித்துப் பார்த்தால் அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்கி ஹைட்ரஜனை வெளியிடுகிறது. ஆனால் ஹைட்ரஜன் சற்றே சேர்ந்துவிட்டால் போதும், அந்த வேலையில் அதற்கு ஆற்றலே மிஞ்சாது, பட்டினிதான். இன்னொன்று அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று மீத்தேனாக்குகிறது. பிரித்து வைத்தால் முதலாவது சாராயத்தில் சரியாக வளரவில்லை. ஒருவர் அள்ளிக் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கைமாறும் இடத்தில் ஒரு துளி தேங்கினாலும் இருவருக்கும் சோறில்லை.

அதனால்தான் நான் கலனைக் கலக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன், ஓயாமல் கலக்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மெல்லக் கலக்கினால் தீனி எல்லாருக்கும் போய்ச் சேரும். அடித்துக் கலக்கினால் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இந்த இணைகள் பிரிந்துவிடும்.

பாலக்கோட்டான் | ஜூன் 14, இரவு 9:14

இது எனக்குப் பிடித்திருக்கிறது. மரபணு எண்ணிக்கை சொன்னதைவிட இது பிடித்திருக்கிறது.

மாந்தோப்பு வீடு | ஜூலை 6, இரவு 8:40

பத்து நாள் பட்டினி போட்டேன். சுண்ணாம்பு நான்கு நாள். சந்தூர் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து ஆறு பக்கெட் சாந்து மூடி போட்டு வண்டியில் வந்தது, மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட அவ்வளவு பத்திரமாக ஓட்டியிருக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நாள் மஞ்சளாக ஒரு சுடர் வந்து ஆடியது. இருபத்து மூன்றாம் நாள் நீலம் நின்றது. மாமியார் வந்து பால் காய்ச்சினார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது 40 கிலோ சாணத்தோடு இரண்டு கிலோ தோலை அரைத்துப் போடுகிறேன். ஆலையில் பருவம் முடிகிறது, மீதித் தோலைக் குழியில் மூடி வைத்திருக்கிறோம்.

நுண்ணோக்கி | ஜூலை 6, இரவு 9:00

வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், அக்கா. தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாடை தெரியும்போது தாமதமாகிவிட்டிருக்கும், தாள் இரண்டு நாள் முன்பே சொல்லும்.

மாந்தோப்பு வீடு | டிசம்பர் 29, காலை 7:10

ஆறு கிலோ வரை ஏற்றினேன், தாங்கியது. குழித் தோல் கார்த்திகையில் தீர்ந்தது. இப்போது மார்கழி, சுடர் பாதியாகிவிட்டது. மறுபடி புளித்துவிட்டதோ என்று பயந்து தாளில் பார்த்தேன், 7 காட்டுகிறது.

தளிப் பனி | டிசம்பர் 29, காலை 7:35

குளிர்தான், வேறொன்றும் இல்லை. அவற்றுக்கு 35 டிகிரி பக்கம் வேண்டும், எங்கள் ஊரில் இந்த மாதம் கலன் தூங்கும். கலவைக்கு வெந்நீர் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள், வெயில் ஏறிய பிறகு ஊற்றுங்கள். கலன் மேட்டின் மேல் வைக்கோலைப் பரப்பி வையுங்கள்.

பாலக்கோட்டான் | டிசம்பர் 29, காலை 7:50

வைக்கோலா? மாடு கேட்டால் என்ன சொல்வது? காய்ந்த கரும்புத் தோகை போதும்.

மாந்தோப்பு வீடு | மே 19, இரவு 9:30

ஓராண்டு ஆகப்போகிறது. ஆலை மறுபடி திறந்துவிட்டது. மகன் நேற்று டிராக்டரோடு போனான். இந்த முறை தோல் இலவசம் இல்லையாம். நம் பக்கம் நான்கைந்து பேர் கலனுக்கென்று கேட்டு வந்துவிட்டதால் லோடுக்கு விலை வைத்துவிட்டார்களாம்.

பாலக்கோட்டான் | மே 19, இரவு 9:33

எவ்வளவு?